நம் முகமும் கேமராவின் கணக்கும்

(மாணவர்களுக்கும் களப்பணித் தோழர்களுக்குமாக நடந்த ஒருநாள் புகைப்படப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



அறிமுகம் செய்த தோழர் என்னைக் கவிஞர் என்றார். கவிதை எழுதுவது உண்மைதான். சோறு போடுவது வங்கியில் கிளார்க் வேலை. இன்றைக்குப் பேசப்போவது இந்த இரண்டையும் பற்றியல்ல. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பிளாஷை எப்படி அடிப்பது, கேமராவுக்குள்ளேயே இருக்கிற நிறச் செட்டிங்குகளை எப்படி வைப்பது என்பதைப் பற்றி. 'இதுக்கு எதுக்குய்யா இயக்கக் கூட்டம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற ஸ்டுடியோக்காரன் சொல்லித் தருவானே' என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை என் கவுண்டரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் ஒட்டியிருக்கிற பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் எதிரில் நிற்கிற ஆளையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. வருசக்கணக்காக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். நம்ம சனங்களுடைய போட்டோக்கள் இரண்டே வகையாகத்தான் வருகின்றன. ஒன்று, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் வெளுத்துத் தந்தது. மாவு பூசினமாதிரி இருக்கும். இன்னொன்று, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு திட்டு. எதிரில் நிற்கிறவர் இரண்டிலும் இருக்கமாட்டார்.

சில வருசங்களுக்கு முன் ஒரு பெரியம்மா வந்தார். நூறு நாள் வேலைக் கூலி ஏறுவதற்குக் கணக்கு. போட்டோவில் மூக்குத்தியும் கண்ணின் வெள்ளையும் மட்டும்தான் தெரிந்தன. 'படம் தெளிவில்லை, வேற எடுத்துட்டு வரச் சொல்' என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து படிவம் திரும்பி வந்துவிட்டது. இன்னொரு நாள் வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போச்சு. அந்தம்மா கோபப்படவில்லை. 'என் மூஞ்சியே அப்படித்தான தம்பி, அதுக்குப் போட்டோக்காரன் என்ன செய்வான்' என்றார்.

தோழர்களே, அந்தப் படத்தில் தப்பு செய்தது அவருக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்பு அடித்த சுவர். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், வெயில் நேரடியாக விழாத இடத்தில், வெளிச்சத்தைப் பார்த்தமாதிரி நிற்கவைத்து என் செல்போனிலேயே ஒரு படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். படிவம் போய்விட்டது. 'வீட்டுக்கும் ஒண்ணு பெருசாப் போட்டுக் குடு தம்பி, நாளைக்கு நான் போய்ட்டா மாட்டுறதுக்கு ஆகும்' என்றார். அன்றிலிருந்துதான் இந்தப் பிரச்சினையை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

சுவர் எப்படித் தப்பு செய்கிறது? கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு மனுசன் தெரியாது, சுவர் தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொள்கிறது. விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று பாடப்புத்தகங்களில் சொல்வார்கள். வெள்ளைச் சுவர் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், 'அய்யோ வெளிச்சம் ரொம்ப அதிகம்' என்று கேமரா குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு பத்துப் பேர் நின்று எடுக்கிற குரூப் போட்டோவிலும் இதேதான் நடக்கிறது.

இதற்கு வழி, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் பல டி.எஸ்.எல்.ஆர்களில் இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் என்றால் கூட்டல் 1 வையுங்கள். ஒன்று என்றால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆனால் 'கறுப்பு முகம் என்றாலே வெளிச்சத்தைக் கூட்டு' என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். அதுவும் தப்பு. கறுத்த முகத்தைக் கிட்டத்தில், சட்டகம் நிறைய எடுக்கும்போது, பின்னாலும் இருட்டாக இருந்தால், கேமரா எதிர்ப்பக்கம் ஏமாறும். கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளிறி, சாம்பல் பூசினமாதிரி வரும். அங்கே கழித்தல் முக்காலோ ஒன்றோ வைக்க வேண்டும். கறுப்பை அதிகப் பிரச்சினை இல்லாமல் கறுப்பாகவே எடுக்க முடியும். கேமராவை அதன் போக்கில் விட்டால்தான் முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் வண்ணப்படம் கழுவுகிற லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. உலகத்துக்கே அதுதான் அளவுகோல். கறுப்பின மக்களின் முகம் அதே பிலிமில் விவரமில்லாமல் போனது. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. அடர்ந்த பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாகப் பதிய வேண்டும் என்று கோடாக் மெனக்கெட்டதற்கு, சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் செய்த புகார்கள் ஒரு காரணம். சாக்லேட்டின் பழுப்புக்கும் மரத்தின் பழுப்புக்கும் கேட்க ஆளிருந்தது. பல நிறத்துப் பெண்களைச் சேர்த்துப் போட்ட அட்டை 1990களில்தான் வந்தது.

இன்னொரு கதை. அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்துக்கு ஐ.டி.2 என்று ஓர் அடையாள அட்டைக் கேமரா இருந்தது. பின்பக்கத்தில் ஒரு பூஸ்ட் பொத்தான். அழுத்தினால் பிளாஷ் வெளிச்சம் கூடும். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்டு முறை பயன்பட்டது. 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டருக்கு வேலை போனது. 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. இதில் நாம் கவனங்கொள்ள வேண்டியது என்னவென்றால், கறுத்த முகம் நன்றாகத் தெரிகிற தொழில்நுட்பம் வந்துவிட்டாலே விடுதலை வந்துவிடாது. யார் கையில் பொத்தான், எதற்காகப் படம், படம் யாரிடம் போகிறது என்ற கேள்விகள் அப்படியேதான் நிற்கின்றன.

உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலித் என்றால் கறுப்பு, மற்றவர் சிவப்பு என்கிற கணக்கு பொய். சாதி தோலில் இல்லை. தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமில்லை என்று அம்பேத்கர் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் ஆதாரங்களோடு வாதிட்டிருக்கிறார். கறுத்த ஆதிக்கசாதிக்காரரும் உண்டு, சிவந்த நம்மாளும் உண்டு. ஆனால் வெளுப்புதான் அழகு, வெளுப்புதான் கௌரவம் என்கிற பொதுப்புத்தி சாதிச் சமூகத்தில் வேலை செய்யாமலா இருக்கிறது? அந்தப் பொதுப்புத்திக்கும் கேமராவின் சாம்பல் கணக்குக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிற முகங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனி பிளாஷ்.

என் தங்கை கல்யாண ஆல்பத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. முன்வரிசையில் தங்கை பவுடர் பொம்மைமாதிரி வெளுத்திருக்கிறாள். பின்வரிசையில் நிற்கிற எங்க அப்பா முகமே தெரியவில்லை. ஜாக்கெட் கலரை வைத்துத்தான் அத்தை எது, சித்தி எது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா ஒருதடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.

என்ன நடந்தது? பிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பத்தாம் வகுப்பில் படித்ததுதான். 2 மீட்டரில் நிற்கிறவர் மேல் விழுகிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் 4 மீட்டரில் நிற்கிறவருக்குக் கிடைக்கும். பிளாஷைக் கேமரா மேலேயே வைத்து நேராக அடித்தால் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை கருகும். இதில் யாரை முன்வரிசையில் நிறுத்துகிறோம் என்பது வேறு கேள்வி.

கேமராவோடு வருகிற சின்ன பிளாஷ், தலையைத் தூக்கிக்கொண்டு எழும்புமே, அதை முதலில் நம்பாதீர்கள். அதன் கைடு நம்பர் பெரும்பாலும் 12 பக்கம் இருக்கும். அந்த எண்ணை லென்ஸ் துவார எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4 என்றால் 3 மீட்டர். ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் 6 மீட்டர். ராத்திரிக் கூட்டத்தில் இருபது மீட்டர் தள்ளி நிற்கிற மேடையைப் பார்த்து இதை அடிக்கிற தோழர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் தலைமயிர்தான் படத்தில் பளிச்சென்று வரும்.

தனி பிளாஷ் ஒன்று வாங்குங்கள். பெரிய கம்பெனிகள் இன்று கண்ணாடியில்லாக் கேமராவுக்குப் போய்விட்டதால், கைமாறிய டி.எஸ்.எல்.ஆரும் பிளாஷும் மலிவாகவே கிடைக்கின்றன. தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிற பிளாஷாக இருக்க வேண்டும். அதை ஆள் முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையிலோ வெள்ளைச் சுவரிலோ அடியுங்கள். வெளிச்சம் அங்கே பட்டு, விரிந்து, மெத்தென்று விழும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் குறையும்.

கறுத்த தோலுக்கு இது இன்னும் முக்கியம். நேரடி பிளாஷ் நெற்றியிலும் மூக்கிலும் இருக்கிற வேர்வையில் கண்ணாடிமாதிரிப் பட்டுத் திரும்பும். எந்தத் தோலிலும் இந்தப் பளபளப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். கறுத்த தோலில் அடிநிறத்துக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகம் என்பதால் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஸ்டுடியோக்காரர் உடனே பவுடர் டப்பாவை எடுப்பார். பவுடர் வேண்டியதில்லை, வெளிச்சம் புறப்படுகிற இடம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய இடத்திலிருந்து வந்தால் அந்தப் பளபளப்பே மென்மையாகப் பரவி, கன்னத்து எலும்பையும் தாடையையும் காட்டிக்கொடுக்கும்.

'எங்க வீட்ல ஓட்டுக் கூரை, ஓலைக் கூரை, எங்க போயி அடிக்கிறது' என்று கேட்பீர்கள். வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும். அதில் அடியுங்கள். அல்லது ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் அட்டை வாங்குங்கள். வெள்ளைக் குடை கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சை டிஸ்டம்பர் சுவரில் மட்டும் அடித்துவிடாதீர்கள். முகம் பச்சையாகும். பிளாஷ் தலையில் மாட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி விற்பார்கள். அது அறைக்குள், நாலு பக்கமும் வெளிச்சம் தெறித்துத் திரும்புகிற இடத்தில் உதவும். திறந்தவெளியில் அதை மாட்டினால் பேட்டரிதான் வீண்.

பிளாஷை டி.டி.எல். முறையில் வைத்தால் கேமராவே அளந்து அடிக்கும். முதலில் ஒரு சின்ன மின்னல் அடித்து, திரும்பி வருவதைப் பார்த்து, பிறகு எவ்வளவு என்று தீர்மானிக்கும். இங்கேயும் பழைய சாம்பல் கணக்குதான். வெள்ளைச் சட்டை நிறைய இருந்தால் பிளாஷைக் குறைத்துவிடும். அதனால் பிளாஷுக்கென்று தனியாக இருக்கிற காம்பன்சேஷனில் கூட்டல் முக்கால் வைத்துப் பாருங்கள். இருட்டு வாசலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தும்போது தலைமுடியும் தோளும் இருட்டோடு கரைந்துபோகும். அதற்காக முன்னாலிருந்து வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். ரேடியோ டிரிக்கர் போட்டு, பிளாஷைத் தோழர் ஒருவர் கையில் கொடுத்து, பக்கவாட்டில் கொஞ்சம் பின்னாலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு பிரிந்து தெரியும்.

பகல் ஊர்வலம். உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும். பிளாஷ் அடித்து நிரப்பலாம் என்று சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆரில் சாதாரணமாக 200இல் அல்லது 250இல் ஒரு வினாடிக்கு மேல் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பிளாஷ் அடிக்க முடியாது. அந்த வெயிலுக்கு எஃப் 11 வைக்க வேண்டிவரும். சின்ன பிளாஷ் அப்போது ஒரு மீட்டர்தான் எட்டும். அதைவிடப் பேட்டி எடுக்கிறவரைத் திண்ணை நிழலுக்குக் கூப்பிட்டு, வெளிச்சம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். அவருக்கும் கொஞ்சம் இளைப்பாறல்.

அடுத்து, நிறம்.

பிளாஷின் நிறம் சுமார் 5500 கெல்வின், பகல் வெளிச்சம்மாதிரி. மஞ்சள் விளக்கு 3000 பக்கம். இரண்டும் கலந்தால் முகம் ஒரு நிறம், பின்சுவர் ஒரு நிறம். பிளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை பல்பு படத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எப்போதும் தப்பில்லை. ஆனால் பழுப்பு முகம் சட்டகம் நிறைய இருக்கும்போது, 'மஞ்சள் அதிகமாயிருக்கு' என்று நினைத்து நீலத்தைச் சேர்க்கும். தோலில் இருக்கிற செம்மை போய்ச் சாம்பல் தட்டும். வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையோ அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக அதைக் கொடுத்துவிடுங்கள். மட்டமான எல்.இ.டி. விளக்குகளில் சிவப்பு குறைவு. அந்த வெளிச்சத்தில் எந்தச் செட்டிங்கும் தோலைக் காப்பாற்றாது. ஜன்னலோரம் போய்விடுங்கள்.

கேனனில் பிக்சர் ஸ்டைல், நிகானில் பிக்சர் கன்ட்ரோல் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஸ்டாண்டர்டு, போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், நியூட்ரல், இப்படி. கேனனில் கலர் டோன் என்கிற கோட்டைக் கழித்தல் பக்கம் நகர்த்தினால் தோல் சிவக்கும், கூட்டல் பக்கம் நகர்த்தினால் மஞ்சளாகும். இந்த இரண்டு முனைக்கு நடுவில்தான் தோல் என்று வைத்திருக்கிறார்கள். எத்தனை இருட்டு, எத்தனை விவரம் என்கிற கேள்வி அதில் இல்லை. நமக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் கான்ட்ராஸ்டில் இருக்கிறது. ஸ்டாண்டர்டில் கான்ட்ராஸ்ட் அதிகம், கறுத்த முகத்தின் நிழல்பக்கம் அடைத்துக்கொள்ளும். நியூட்ரல் வைத்து, தேவைப்பட்டால் கான்ட்ராஸ்டை ஒன்று குறையுங்கள். விவிட் பக்கம் போகாதீர்கள். ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், ஆக்டிவ் டி-லைட்டிங் இரண்டும் நிழலைத் தானாகத் தூக்கிவிடும். பழகும்வரை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் தப்பு எங்கே என்று தெரியாது.

இந்த நிறச் செட்டிங்குகளெல்லாம் ஜேபெக் படத்தில் ஊறிப்போய்விடும். ரா கோப்பில் ஊறாது, பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதற்காக இருட்டாக எடுத்துவிட்டு, அப்புறம் தூக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தூக்கினால் நிழலில் புள்ளிபுள்ளியாக வரும். திரையில் பார்க்கிற வெளிச்சத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை விவரமிழந்து கண்சிமிட்டுவதற்கு ஒருபடி முன்வரை வெளிச்சத்தைக் கொடுங்கள். முகத்தின் விவரம் அங்கேதான் சேமிப்பாகும்.

இனி நம்மில் பலர் எதற்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமோ, அதற்கு வருகிறேன். எங்கோ அடித்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. உண்மையறியும் குழு சாயங்காலம் போய்ச் சேர்கிறது. காயத்தை நேரடி பிளாஷில் எடுக்கிறோம். கறுத்த தோலில் கன்றிப்போன இடம் அந்த வெளிச்சத்தில் தட்டையாகி மறைந்துவிடும். வீக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சம்தான் காட்டும். அதனால் பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, பக்கத்திலிருந்து பிளாஷ் அடித்து ஒன்று, இரண்டும் எடுங்கள். முதலில் முழு ஆள், பிறகு உடம்பின் எந்தப் பகுதி என்று தெரிகிறமாதிரி, பிறகு கிட்டத்தில் ஒரு ஸ்கேலும் சாம்பல் அட்டையும் வைத்து. கன்றல் நிறம் நாளாக நாளாக மாறும், மறுநாளும் எடுங்கள். நியூட்ரல், ரா, எந்தத் திருத்தமும் கூடாது. நிறத்தைக் கூட்டினால் காயம் பெரிதாகத் தெரியும் என்று ஆசைப்பட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு படத்தைவைத்தே மற்ற எல்லாப் படத்தையும் தள்ளச் சொல்வார். மெமரி கார்டை அழிக்காமல் தனியே வையுங்கள். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆவது பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளம் தெரிகிற எந்தப் படமும் வெளியே போகக்கூடாது.

நம் பேச்சில் 'பிளாஷ் அடிக்கிறது' என்கிறோம். ராத்திரியெல்லாம் அடிவாங்கிப் பயந்து உட்கார்ந்திருக்கிற குழந்தையின் முகத்தில் கேட்காமல் அதை அடிக்காதீர்கள். கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குனிந்து பார்த்து, மேலிருந்து கீழாக எடுக்காமல், அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள்.

எரிந்த குடிசைக்கு முன்னால் அழுதுகொண்டு நிற்கிற படம் மட்டும்தான் நம் படம் என்று ஆகிவிடக்கூடாது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் என்று சொல்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்த நாட்டில், நல்ல கோட்டுப் போட்டு, சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் உட்கார்ந்தார். புகைப்படத்தைப் பற்றி மேடைகளில் உரையும் ஆற்றினார். பட்டம் வாங்கிய பிள்ளை, சீமந்தம், மாலைநேர வகுப்பு, கபடி டீம், இதையெல்லாம் காயத்தை எடுக்கிற அதே அக்கறையோடு எடுங்கள்.

வீட்டுப்பாடம் தருகிறேன். அம்மாவையோ அப்பாவையோ மூன்று படம் எடுத்து வாருங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் ஆட்டோவில் ஒன்று. அதே இடத்தில் காம்பன்சேஷன் மாற்றி, நியூட்ரல் வைத்து ஒன்று. வேட்டியில் பிளாஷ் அடித்து ஒன்று. மூன்றையும் அவர்களிடமே காட்டி, இதில் எது நீங்கள் என்று கேளுங்கள். நாம் நினைக்கிறதை அவர்கள் தேர்ந்தெடுக்காமலும் போகலாம். வெளுத்ததையே எடுக்கலாம். சண்டை போடாதீர்கள், ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்தமுறை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

என்னிடம் இரண்டு பிளாஷும் ஒரு வெள்ளைக் குடையும் இருக்கின்றன. வேண்டுகிற தோழர்கள் வாங்கிப்போகலாம். பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டுத் திருப்பித் தாருங்கள்.